கடக்கால் எடுக்கும் முன் மூன்று குழிகள்

கேரளா என்றாலே செம்மண், வெட்டுக்கல் என்று நினைப்பவர்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். (ஆந்திரச் சித்தூர் வேறு.) கேரளத்தில் கரிசல் மண் கிடக்கிற தாலுகா இது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் காகிதம் மலையாளம், மண்ணோ பாதிக்குப் பாதி கோயம்புத்தூர்ப் பக்கத்து மண். மேற்கே போகப் போகப் புளிப்பு மண். இங்கே சுண்ணாம்பு கலந்த கார மண். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கரிசல் ஊர் முழுக்க ஒரே சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஒரு தோப்பு செவல், அடுத்த தோப்பு கரிசல், சில சமயம் ஒரே மனைக்குள் இரண்டும்.

அக்காவும் மச்சானும் வீடு கட்ட ஒதுக்கிய பதினெட்டு சென்ட் அப்படிப்பட்ட இடம். தென்னந்தோப்பின் ஓரம், கிழக்கே வாய்க்காலை நோக்கி லேசான சரிவு. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. ஆயிரத்துச் சொச்சம் சதுர அடியில் ஒற்றை மாடி, மனைக்கு நடுவில் என்று பிளான் போட்டாகிவிட்டது. ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து வந்த மேஸ்திரி காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ரண்டர அடி மதி" என்றார். இரண்டரை அடி எடுத்து, கருங்கல் கட்டி, மேலே கான்கிரீட் பெல்ட் வார்த்துவிட்டால் போதும் என்று கணக்கு. அவர் ஊர் வெட்டுக்கல் தரைக்கு அது சரியான கணக்குதான். கட்டிட வேலையில் இருப்பவன் என்பதால் பிளானைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, முன்னால் குழி போட்டுப் பார்த்துவிடலாம் என்று சொன்னதும் மச்சானுக்கு முகம் சுருங்கியது.

"பக்கத்துக் காட்டுக்காரரு மூணடிதான் எடுத்தாரு. ஒத்த மாடிக்கு எதுக்குடா இத்தன ஆராய்ச்சி?"

ஒற்றை மாடி என்பதால்தான் ஆராய்ச்சி. மழைத் தண்ணீர் இறங்கினால் கரிசல் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். உப்பும்போது மேல்நோக்கி அழுத்தும். மூன்று மாடிக் கட்டடம் தன் எடையால் அதை ஓரளவு அமுக்கி வைக்கும். ஒற்றை மாடிச் சுவருக்கு அந்தக் கனம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி, ஒருமுறை இறக்கி விளையாடும். வீடு முழுக்க ஒரே அளவு தூக்கினாலாவது பரவாயில்லை. ஒரு முனை செம்மண்ணில் அசையாமல் நிற்க, மறுமுனை கரிசலில் ஏறி இறங்கினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு கிளம்பும். அதற்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கலாம், நிற்காது. எனவே மண் எவ்வளவு பலம் என்பதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, வீட்டின் நான்கு மூலைக்கும் அடியில் இருப்பது ஒரே மண்தானா என்பது.

மம்முட்டியைத் தொடும் முன்பே சில விஷயங்கள் தெரிந்துவிடும். கிழக்குப் பக்கத்துக் காம்பவுண்ட் சுவர் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதில் ஓடிய வெடிப்பில் பங்குனியில் விரல் நுழையும், ஐப்பசி மழைக்கு மூடிக்கொள்ளும் என்று அக்காவே சொன்னாள். வெடிப்பு திறந்து மூடுகிறது என்றால் அடியில் உப்பும் மண் இருக்கிறது என்று அர்த்தம். வெறுமனே இறங்கிய சுவரின் வெடிப்பு இப்படி மூடாது. மேற்கே பழைய மாட்டுச் சாளையின் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ மண் மாறுகிறது.

கிணறு வெட்டிப் பழகிய பெரியவர் ஒருவரையும் கூட்டி வந்தோம். அவர் மனையைப் பார்க்கவே இல்லை, நேராகப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மேட்டுக்குப் போனார்.

"மேல பாத்து மண்ணச் சொல்லப்படாது கண்ணு. கெணத்துச் செவுத்தப் பாரு, அவனே சொல்லுவான்."

அவர் சொன்னது போலவே, வெட்டின பக்கத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தது: மேலே கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்காங்கல், அப்புறம் இத்துப்போன பாறை. செலவில்லாமல் கிடைக்கும் முதல் குழி அக்கம்பக்கத்துக் கிணறுதான். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறி நின்றது என்ற கறையும் அங்கேயே இருக்கும். கோடையில் வெட்டுகிற சோதனைக் குழி அதைக் காட்டாது.

எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம்? நிலத்தடி ஆய்வுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1892, சுமார் 0.4 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர் அளவு கட்டட இடத்துக்கு மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றும் போதும் என்கிறது. சிறிய கட்டடத்துக்கு நடுவில் ஒரே ஒரு குழி போட்டாலே போதும் என்கிறது. நம் மனையில் நடுவில் மட்டும் ஒரு குழி போட்டிருந்தால் பாதிப் பொய் கிடைத்திருக்கும். சரிவின் போக்கிலேயே மேற்கே ஒன்று, நடுவில் ஒன்று, கிழக்கே ஒன்று என்று கயிறு பிடித்தேன். மூன்றையும் பிளானில் ஃபுட்டிங், அதாவது கடக்காலின் அகலமான அடிப்பகுதி, வரும் இடத்தைத் தவிர்த்து, சுவர்க் கோட்டை விட்டுத் தள்ளிக் குறித்தேன். கடக்கால் உட்கார வேண்டிய இடத்தை நாமே கிளறிவிடக் கூடாது.

ஆழத்துக்கு நடைமுறைக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, அதன் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை மண்ணைப் பார்க்க வேண்டும். அந்த ஆழத்தில் மேலிருந்து வரும் அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நாலடி அகல ஃபுட்டிங் நாலடி ஆழத்தில் உட்கார்ந்தால், பத்தடி வரை பார்த்தாக வேண்டும். நடுவில் கெட்டிப் பாறை வந்துவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பத்தடிக் குழிக்குள் ஆளை இறக்க நான் தயாராக இல்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. கரிசலோ வெடிப்பு விட்ட இடத்தில் பலகை பலகையாகச் சரியும், முன்கூட்டி எச்சரிக்காது. ஐந்தடி வரை மட்டும் ஆள் இறங்குவது, அதுவும் ஒரு பக்கம் படி வெட்டிய பிறகு. அதற்குக் கீழே ஜேசிபி பக்கெட் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எடுத்த மண்ணைக் குழி விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளிக் கொட்ட வேண்டும். குழிக்குள் ஒருவர் இருக்கும்போது மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். தோப்பில் இன்னொரு தொல்லை, சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் கேபிளும் மண்ணுக்குள் எங்கே ஓடுகின்றன என்று போட்டவருக்கே மறந்து போயிருக்கும். முதல் இரண்டடியைக் கையால் வெட்டிய பிறகுதான் ஜேசிபியை விட்டோம். ஒரு குழாய் அகப்படவும் செய்தது.

மேற்குக் குழி சீக்கிரம் முடிந்தது. ஒரு அடி பழுப்பு மண், வேர்கள். பிறகு சரளை கலந்த செம்மண். கடப்பாரை குத்தினால் சத்தம் மாறியது. மூன்றரை அடியில் இத்துப்போன பாறை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடிய கல், கையில் எடுத்து நொறுக்கினால் காக்காப்பொன் மினுக்கும். இன்னும் அரை அடி கீழே பக்கெட் பல் வழுக்கியது. அங்கே நிறுத்திவிட்டோம்.

கிழக்குக் குழிதான் நான் எதிர்பார்த்து நின்றது. மேலிருந்து கரிசல், ஈரம் காய்ந்து கட்டி கட்டியாக. வெடிப்புகள் நாலடி வரை இறங்கியிருந்தன, மேல்மண் அதற்குள் விழுந்து நிரம்பிக் கிடந்தது. கரணையால் குழிச் சுவரைச் சுரண்டியபோது சாய்வான பரப்புகள் எண்ணெய் தடவிய மாதிரி பளபளத்தன. மண் உப்பிச் சுருங்கும்போது ஒரு கட்டி இன்னொன்றின் மேல் உரசி வழுக்கிய தடம் அது. கரிசலை வேறெந்தக் களிமண்ணோடும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்தப் பளபளப்பே போதும். ஆறரை அடியில் சுக்காங்கல் தொடங்கியது. எலுமிச்சம்பழம் பிழிந்ததும் நுரைத்தது. எட்டடியில்தான் பக்கெட்டில் இத்துப்போன பாறை வந்தது.

நடுக்குழி என்னைத் திகைக்க வைத்தது. இரண்டு மண்ணும் கலந்து ஒரு இடைநிலை கிடைக்கும் என்றிருந்தேன். இரண்டடிக்குக் கீழே கறுத்த, மெத்தென்ற மண் வந்தது, ஆனால் கரிசலின் கட்டி இல்லை. சாம்பல், ஓட்டுத் துண்டு, ஒரு மாட்டு எலும்பு. நாலடியில் ஷாம்பு பாக்கெட் ஒன்று கசங்கி வந்தது. ஷாம்பு பாக்கெட் கிடைக்கிற ஆழம்வரை அது இயற்கை மண் கிடையாது, யாரோ நிரப்பியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, இது அப்பத்தா காலத்துக் குப்பக்குழிடா! நாந்தான் கடைசியா மூடச் சொன்னேன்" என்றாள். பிளானில் அதன் மேல்தான் ஹால் வந்திருந்தது. நாலே முக்கால் அடியில் குப்பை முடிந்து, அடியில் நல்ல செம்மண் தெரிந்தது. போர் போட்டு எடுத்த சாம்பிளில் இப்படி ஒன்று அகப்படுவது சந்தேகம். நான்கு அங்குலத் துளை ஓட்டுத் துண்டைத் தட்டிவிட்டுக் கீழே போய்விடும். குழி ஆளுயரச் சுவரைக் காட்டுகிறது, அதுவும் நான்கு திசையிலும்.

குறிப்பெடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேசிபி வெட்டிய சுவர் பக்கெட் பூசிய சேற்றால் மூடியிருக்கும். ஒரு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டினால்தான் உண்மை நிறம் தெரியும். டேப்பை மேலிருந்து தொங்கவிட்டு, சிலேட்டில் குழி எண்ணும் திசையும் எழுதி வைத்துப் போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கிலோ மண்ணைப் பாலிதீன் பையில் போட்டு உடனே கட்ட வேண்டும், வெயிலில் கால் மணி நேரம் கிடந்தாலே ஈரம் போய்விடும். சீட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று போடுங்கள். வெளிச்சீட்டு எப்போதும் தொலையும்.

மண்ணைக் கையால் படிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. புதிதாகச் சுரண்டிய சுவரில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சுலபமாகப் பிசைய வந்தால் மிருதுவான களி, அதன் மேல் எதுவும் கட்டக் கூடாது. ஓரளவு அழுத்தினால் பதிந்தால் நடுத்தரம். முழுப் பலத்தோடு அழுத்தியும் விரல் உள்ளே போக மறுத்தால் கெட்டி. நகம் மட்டும் பதிந்தால் மிகக் கெட்டி. ஒரு எச்சரிக்கை: காய்ந்த கரிசல் சித்திரையில் நகத்துக்குக்கூட மசியாது, பாறை என்று நம்பிவிடத் தோன்றும். அதே மண் ஐப்பசியில் காலை உள்வாங்கும். ஆகவே ஈரத்தையும் சேர்த்து எழுதாத குறிப்புக்கு மதிப்பில்லை. அடுத்து, மண்ணை நனைத்துப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போலத் தள்ளிப் பார்த்தேன். கிழக்குக் குழியின் மண் இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் அறுந்து விழவில்லை. மேற்குக் குழியின் மண் நாடாவாகவே வரவில்லை.

உப்பும் குணத்தை எண்ணாக்க மண்ணெண்ணெய்ச் சோதனை. ஐஎஸ் 2720 வரிசையில் நாற்பதாவது பகுதி இது. வீட்டிலேயே செய்யலாம், மண்ணெண்ணெய் கிடைத்தால். காயவைத்துப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் பத்துப் பத்து கிராம் இரண்டு பங்கு. 100 மில்லி அளவு ஜாடி இரண்டில் போட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். குச்சியால் கிண்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய் மட்டத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். கிழக்குக் குழி மண் மண்ணெண்ணெயில் 11 மில்லி, தண்ணீரில் 20. ஏறக்குறைய 82 சதவீதம். மேற்குக் குழி மண் 11, 12, ஒன்பது சதவீதம். 50க்குக் கீழே இருந்தால் உப்பல் குறைவு, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100ஐத் தாண்டினால் கடுமை. கோயம்புத்தூரில் ஒரு லேபுக்கும் சாம்பிள் கொடுத்தோம். அவர்கள் எண் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் வகை மாறவில்லை. வீட்டுச் சோதனையை வைத்து டிசைன் போடக் கூடாது, ஆனால் லேபுக்கு எந்தப் பையை அனுப்புவது என்று முடிவு செய்ய இது உதவும்.

குழி திறந்திருக்கும்போதே செப்டிக் டேங்க் விஷயத்தையும் பார்த்துவிட்டோம். குழியில் வெட்டிய படியில் சின்னப் பள்ளம் பறித்து, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி ஊற்றி எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. கிழக்கே ஊற்றின தண்ணீர் ஏறக்குறைய அப்படியே நின்றது. வாய்க்கால் ஓரம், எல்லோரும் சோக்பிட், அதாவது கழிவுநீர் உறிஞ்சு குழி, போட நினைக்கும் பள்ளமான இடம் அதுதான். உறிஞ்சாத களியில் சோக்பிட் போட்டால் முதல் மழையிலேயே நிரம்பி மேலே வரும். அதை மேற்கே செம்மண்ணுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற கேரளக் கட்டட விதிக்கும் அளந்து ஒத்துப் பார்த்துக்கொண்டோம்.

பிளான் போட்ட இன்ஜினியரிடம் மூன்று குழியின் படத்தையும் கொண்டுபோய் வைத்தேன். கரிசலில்தான் கட்டியாக வேண்டும் என்றால் வழிகள் இல்லாமல் இல்லை. ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அண்டர்ரீம்டு பைல் இருக்கிறது, மண்ணில் துளை போட்டு வார்க்கும் கான்கிரீட் தூண். அடியில் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு குமிழ் விட்டு, உப்பும் மண்ணைத் தாண்டிக் கீழே பிடித்துக்கொள்ளும். ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் நீளம். ஐஐடி பம்பாயில் கட்டி என்ற பேராசிரியர் வகுத்த முறையில், கரிசலை எடுத்துவிட்டு உப்பாத, ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு மீட்டர் போலக் கெட்டித்து நிரப்புவதும் உண்டு. எங்கள் பக்கம் பலர் செய்கிற மாதிரி வெறும் ஆற்றுமணலைக் கொட்டி நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மழைத் தண்ணீர் அந்த மணலில் தேங்கி நின்று சுற்றியுள்ள கரிசலுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இத்தனையும் பேசிவிட்டு மச்சான் கேட்ட கேள்விதான் காரியத்தை முடித்தது. "வீட்ட மேக்கால தள்ளுனா என்னடா?"

தள்ளினோம். பதினாலடி மேற்கே நகர்த்தி, வடக்கு தெற்காகத் திருப்பியதில் வீடு முழுவதும் செம்மண்ணுக்கு வந்துவிட்டது. குப்பைக்குழி ஹாலுக்கு அடியிலிருந்து முற்றத்துக்குப் போனது. கார் ஷெட் மட்டும் கரிசல் ஓரத்தில் விழுந்தது. அதை வீட்டோடு சேர்த்துக் கட்டாமல் இடைவெளி விட்டுத் தனித் தூணில், மேலே ஷீட் போட்டு நிறுத்துவதாக முடிவு. அது கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வீட்டுக்குச் சேதமில்லை. முன்வாசல் கிழக்கிலிருந்து வடக்குக்கு மாறியதில் அக்காவுக்குச் சின்ன வருத்தம். வாஸ்துக்காரர் வடக்கும் நல்லதுதான் என்று சொல்லி ஒப்பேற்றினார். பஞ்சாயத்தில் பெர்மிட்டுக்குக் கொடுக்கும் முன்பே இதெல்லாம் நடந்ததால் பிளானைத் திருத்துவதோடு போயிற்று.

குழி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மணல் வந்தால் குழிச் சுவர் நிற்காது. மூன்று நான்கு மாடி என்றாலும் இது பற்றாது, போர் போட்டு எஸ்பிடி பார்த்தாக வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணும் சோதனை அது. இரண்டு குழிக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதும் ஊகம்தான். அதனால்தான் கடக்காலுக்கு வானம் தோண்டும் நாளில் மறுபடி போய் நின்றேன். ஒவ்வொரு ஃபுட்டிங் அடியிலும் கடப்பாரையைப் போட்டுப் பார்த்து, மேற்குக் குழியில் பார்த்த அதே செம்மண்தானா என்று ஒப்பிட்ட பிறகே அடிக் கான்கிரீட்டுக்குச் சம்மதித்தேன். தென்கிழக்கு மூலையில் மட்டும் நாலடியில் கறுப்பு நாக்கு போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஃபுட்டிங்கை முக்கால் அடி கூடுதலாக இறக்கிச் சரளைக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி அதற்குள் பழகிவிட்டார். அடுத்த ஃபுட்டிங்கில் அவரே மண்ணை எடுத்து விரலில் நாடா தள்ளிக்கொண்டிருந்தார்.

குழிகளை மூடுவதையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த மண்ணை மொத்தமாகத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அங்கே பள்ளம் விழும். அரையடி அரையடியாகப் போட்டு, ஈரமாக்கி, திமிசு போட்டுக் கெட்டிக்க வேண்டும். வீட்டைத் தள்ளியதில் மேற்குக் குழியின் ஒரு ஓரம் புது ஃபுட்டிங் கோட்டுக்குள் வந்துவிட்டது. கிணற்று மேட்டிலிருந்தும் எல்லைக் கல்லிலிருந்தும் அளந்து குழிகளின் இடத்தைக் குறித்து வைத்திருந்ததால் தேடாமல் அகப்பட்டது. அங்கே மண்ணைப் போட்டுக் கெட்டிப்பதை நம்பாமல், நிரப்பின மண்ணை முழுக்க வாரி எடுத்துவிட்டு, பாறை மட்டத்திலிருந்து ஃபுட்டிங் அடிவரை சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு, ஜல்லி எட்டு என்ற கலவையில் கான்கிரீட் போட்டோம்.